குதிக்காலுக்குக் கீழே மண்

வியாழக்கிழமை என் மகள் நிரஞ்சலா மேடையில் சறுக்கி விழுந்ததைப் போன கிழமை சொல்லியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்காக நாலு வரி.

அவள் பாலே ஆடுகிறவள். இருபத்தொரு வயது. அமெரிக்காவில் இருந்து ஒரு மேடம் வந்து, இரண்டு வருடமாகப் பிள்ளைகளைப் பழக்கி, ஒரு புதுப் பாலேயைக் கட்டியிருக்கிறார். அமெரிக்கப் பாலேயில் இப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை என்று இங்கத்தைப் பிரெஞ்சுப் பேப்பர்களில் எழுதுகிறார்கள். எழுதட்டும். பேப்பரை நான் நம்புவதில்லை. ஆனால் ஆட்டத்தில் பதினாறு பெண்கள், அதில் என் மகள் ஒருத்தி, நடுவில் இரண்டு நிமிடம் அவள் தனியே ஆட வேண்டும் என்பது மட்டும் உண்மை. உலகத்திலேயே முதல் தடவையாக அது மேடையேற இருந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு.

வியாழக்கிழமை நடந்தது கடைசி ஒத்திகை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் சிவப்பாக ஏதோ தூள் கிடந்ததாம். அவள் காலில் போடுகிற சப்பாத்துக்குள் யாரோ அதைப் போட்டிருக்க வேண்டும் என்று பேச்சு. மேடம் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னாராம்: "இன்னொருத்தியின் சப்பாத்தில் கைவைத்தவள் யார் என்று தெரிந்தால், அந்த நிமிடமே அவள் வீட்டுக்குப் போகலாம்."

யார் என்று மேடத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பதினாறு பேருக்கும் மேலே பதினேழாவதாக ஒருத்தி இருக்கிறாள். பெயர் அக்‌ஷரா. இந்தியாப் பிள்ளை. யாராவது ஆட முடியாமல் போனால் அந்த இடத்துக்கு அவள். தகப்பன் ராமசுப்பிரமணியன் லா டிஃபான்ஸில் கம்ப்யூட்டர் கம்பனியில் பெரிய உத்தியோகம். போன மாதம் அந்த மனுசன் மேடத்துக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன். ஒருவன் சும்மா இனிப்புக் கொடுப்பானா?

என் மகள் விழுந்தால் யாருக்கு இடம் கிடைக்கும்? இதைக் கண்டுபிடிக்கப் பொலிஸ் தேவையில்லை.

ஞாயிறு காலமை ஏழு மணிக்கே நான் அவளுடைய சப்பாத்துப் பையைத் தேடினேன். இருந்த இடத்தில் இல்லை. என் மனுசி மரியகொறற்றி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்தாள்.

"தா, பாப்பம்."

"என்னத்தைப் பாக்கப் போறியள்? நான் எல்லாம் பாத்து வைச்சிட்டன்."

"உனக்கு என்ன தெரியும்? உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு நான் பாக்க வேணும்."

"இஞ்சேருங்கோ, நான் பூசைக்குப் போயிட்டு இப்பதான் வாறன். காலமை வெள்ளனச் சண்டைக்கு வராதேங்கோ. மூண்டு மணிக்குப் பிள்ளை ஆட வேணும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

நிரஞ்சலா குளித்துவிட்டு வந்தாள். நான் சொன்னேன், "நானும் உன்னோடை வாறன். அந்தப் பெட்டை உன்ரை சாமானிலை கைவைக்காமல் பாக்கிறன்."

"அப்பா, லெஸ் மொய் த்ரான்கீல்."

என்னை நிம்மதியாக விடு என்று அர்த்தம். இங்கே பிறந்த பிள்ளை. கோபம் வந்தாலும் பிரெஞ்சு, பயம் வந்தாலும் பிரெஞ்சு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள்.

"பயப்பிடுறியோ?"

"நொன்."

"அப்ப ஏன் கை நடுங்குது?"

அவள் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தாயிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தாய் வாசல்வரை போய் அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டாள். நான் நெடுக இந்த ஆட்டத்துக்கு எதிராக நின்றவன்தான். முதல் ஒரு வருடம் மகளோடு நேராகப் பேசவும் இல்லை. அதற்காக ஒருத்தி என் பிள்ளையை விழுத்த நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

"நீ மூண்டு மணிக்கு வா," என்று மனுசியிடம் சொன்னேன். "நான் முதல்லை போறன்."

"எங்கை?"

"விசயமாய்."

ரூ காய் தெரு மூலைக்கடையில் இருபது ஆட்டிறைச்சி றோல் சுடச்சுட வாங்கினேன். லா சப்பலில் மெட்ரோ ஏறினேன். தியேட்டருக்குப் பின்பக்கம் ஆட்டக்காரர் போகிற வாசலில் தியரி என்று ஒரு பிரெஞ்சுக்காரன் காவல்; என்னைப் பெயரோடு தெரிந்தவன். முப்பத்து நாலு வருடம் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவின எனக்குப் பிரெஞ்சுக்காரனின் முகத்தில் பசி தெரியும். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை, மிஸ்யே யோன்," என்றான், றோலைப் பார்த்துக்கொண்டே.

"பிள்ளைகளுக்குச் சாப்பாடு. குடுத்திட்டு வாறன்."

இரண்டை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான். எனக்கு அது வசதிதான். ஆனால் இரண்டு றோலுக்கு என்னை விட்டவன் வியாழக்கிழமை யாரை எதற்காக விட்டானோ என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன்.

மேலே நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கதவுகள். மணி பன்னிரண்டு இருக்கும். கடைசிக் கதவுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் அக்‌ஷரா தனியே இருந்தாள். அவளுடைய மடியில் ஒரு சப்பாத்து. உள்பக்கத்தில் ஊதா மையால் 'நி' என்று தமிழில் எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான்.

றோல் பெட்டியை நிலத்தில் வைத்தேன்.

"என்ன செய்யிறாய்?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கையில் ஊசி. "அங்கிள்? ரிப்பன் தைக்கிறேன். நிரு கை நடுங்குதுன்னு என்கிட்ட குடுத்தா. இன்னொண்ணைத் தச்சுட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி."

"உன்னட்டையோ குடுத்தவள்?"

"ஆமா அங்கிள். உள்ளதான் மேக்கப் போட்டுக்கிட்டு இருக்கா. கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. சப்பாத்தைப் பறித்தேன். கவிழ்த்துக் குதிக்கால் பக்கத்தை வாங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

தூள் விழுந்தது. சிவப்புத் தூள். ஒரு சிட்டிகை அளவு.

அதுக்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. தமிழும் பிரெஞ்சும் கலந்து வந்தது. கதவுகள் திறந்தன. சாயம் பூசின முகங்கள் எட்டிப் பார்த்தன. மகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த ராமசுப்பிரமணியன் படியில் இருந்து ஓடி வந்தார். அந்த மனுசனையும் யாரோ உள்ளே விட்டுத்தான் இருக்கிறார்கள்.

"என்ன சார் இது? ஏன் என் பொண்ணுகிட்ட கத்துறீங்க?"

"உங்கடை பெட்டை என்ரை பிள்ளையின்ரை சப்பாத்துக்குள்ளை மண் போடுறாள். கையும் மெய்யுமாய்ப் பிடிச்சிருக்கிறன்."

"மண்ணா? அப்பா, நான் ரிப்பனை மட்டும்தான் தொட்டேன்," என்றாள் அக்‌ஷரா. அழவில்லை. ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமெரிக்க மேடம் வந்தார். எழுபது வயது இருக்கும், மெலிந்த மனுசி, கறுப்புச் சட்டை. நிலத்தில் கிடந்த தூளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் கேட்டார், "நீங்கள் நிச்சயமாகச் சொல்லுகிறீர்களா?"

"நிச்சயம்," என்றேன். "உள்ளுக்கு இன்னும் கிடக்கும். காட்டுறன்."

சப்பாத்துக்குள் விரலை விட்டேன். குதிக்கால் படுகிற இடத்தில் உள்துணி கொஞ்சம் பிரிந்திருந்தது. அதற்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் இழுத்தேன். பெருவிரல் நகம் அளவில் ஒரு சின்னத் துணி முடிச்சு கையில் வந்தது. ஒரு பக்கம் தையல் விட்டு அதில் இருந்து தூள் கசிந்துகொண்டிருந்தது.

பச்சைக் கட்டம் போட்ட துணி. அந்தத் துணியை எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் இடுப்பில் உடுத்த என் சாரம். போன வருடம் என் மனுசி அதைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கினாள்.

மண்ணையும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு கோப்பிப் போத்தலில் இருக்கிறது. மடுமாதா கோயில் மண். மன்னார்ப் பக்கத்துச் சனம் மடுவுக்குப் போனால் ஒரு பிடி எடுத்துத்தான் வரும். விசம் தீண்டாது, ஆபத்து அண்டாது என்று நம்பிக்கை. நோய்க்காரரின் தலையணைக்குக் கீழே வைப்பார்கள். கப்பலுக்குப் போகிறவனின் பொக்கற்றில் வைப்பார்கள். பாலே ஆடுகிற பிள்ளையின் குதிக்காலுக்குக் கீழே வைக்கலாம் என்று கண்டுபிடித்தது என் மனுசி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நான் கையை மூடினேன்.

முடிச்சை யாரும் காணவில்லை. சப்பாத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியதில் என் முதுகு மேடத்தின் பக்கம் இருந்தது. மேடம் அக்‌ஷராவைப் பார்த்து அமைதியாகச் சொன்னார், "உன் பையை எடுத்துக்கொள்."

"மேடம், நான் செய்யல," என்று அக்‌ஷரா பிரெஞ்சில் சொன்னாள். ஒரே ஒருதரம்தான் சொன்னாள்.

ராமசுப்பிரமணியன் எனக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வியர்த்திருந்தது. "சார், நீங்க பார்த்தீங்களா? என் பொண்ணு அதுல மண்ணைப் போடுறதை உங்க கண்ணால பார்த்தீங்களா? பார்த்தேன்னு சொல்லுங்க, நாங்க போயிடுறோம்."

கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் குற்றம் என் வீட்டில் வந்து நிற்கும், என் பிள்ளை போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவருடைய பிள்ளை போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படித்தான் நின்றேன், அதை மாற்றிச் சொல்லி என்ன பிரயோசனம்?

கடைசிக் கதவு திறந்து நிரஞ்சலா வந்தாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டியிருந்தது, மற்றக் கண்ணுக்கு இன்னும் இல்லை. அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, அக்‌ஷராவைப் பார்க்கவில்லை. என் மூடின கையைப் பார்த்தாள்.

"அப்பா, கையைத் திறவுங்கோ."

தமிழில் சொன்னாள்.

"நீ உள்ளுக்குப் போ, பிள்ளை. நான் கதைக்கிறன்."

"திறவுங்கோ அப்பா."

திறந்தேன். அவள் முடிச்சை எடுத்து மேடத்தின் முன் நீட்டிப் பிரெஞ்சில் பேசினாள். வேகமாகப் பேசினாள், ஆனாலும் எனக்கு விளங்கியது. இது என்னுடையது. என் சின்ன வயதில் இருந்து ஒவ்வொரு பரீட்சைக்கும் ஆட்டத்துக்கும் அம்மா இதை வைத்துத் தைப்பவர். இது இல்லாமல் நான் மேடையில் ஏறினதில்லை. வியாழக்கிழமை தையல் விட்டு மண் கசிந்துவிட்டது; நானே திரும்பத் தைத்தேன், அது நிற்கவில்லை. அக்‌ஷராவுக்கு ஒன்றும் தெரியாது.

"வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியும்."

"நான் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டபோதும் தெரிந்திருந்ததா?"

"ஓம்," என்றாள் என் மகள். மேடத்துக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் விளங்கியிருக்கும்.

நான் அந்த வாங்கில் இருந்துவிட்டேன். மூன்று நாளாக நான் அக்‌ஷராவைச் சந்தேகித்தேன். தகப்பனை, தியரியை, மேடை துடைக்கிறவனை, மேடத்தைக்கூடச் சந்தேகித்தேன். வீட்டில் எனக்கு முன்னால் இருந்து சோறு சாப்பிட்ட இரண்டு பேரைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "வரிசையில் உன் இடத்தில் நீ ஆடலாம். வேறு சோடிச் சப்பாத்துப் போட்டுக்கொள், உள்ளே வெறுமையாக இருக்கட்டும். அந்த இரண்டு நிமிடத்தை அக்‌ஷரா ஆடுவாள்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நான் ராமசுப்பிரமணியனிடம் போனேன். "தம்பி, நான்..."

"பரவாயில்லன்னு சொல்லணும் சார். ஆனா என்னால முடியல," என்றார். தண்ணீர்ப் போத்தலை மகளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அக்‌ஷரா என் மகளிடம் கேட்டாள், "அந்த வேற சோடிக்கு ரிப்பன் இருக்கா, நிரு?" இல்லை என்று இவள் தலையாட்டினாள். "எடுத்துட்டு வா. ஊசி கையிலயே இருக்கு."

நிரஞ்சலா உள்ளே போகத் திரும்பினாள். நான் கையைப் பிடித்தேன்.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்திருப்பியள்? அம்மாவோடை சண்டை பிடிச்சிருப்பியள். போத்தலைத் தூக்கி எறிஞ்சிருப்பியள்."

"அதுக்காக மற்றப் பிள்ளையிலை பழி விழப் பாத்துக்கொண்டு இருந்தனியோ?"

"நான் ஒருத்தரிலையும் பழி போடேல்லை. நீங்கள் போட்டியள்." என் பிடியில் இருந்து கையை விடுவித்துக்கொண்டாள். "ஆனால் நானும் பேசாமல்தானே இருந்தனான். அதுக்குத்தான் இது."

"இப்ப அந்த முடிச்சு இல்லாமல் ஆடுவியோ?"

"தெரியேல்லை, அப்பா." பிறகு சொன்னாள், "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. தன்ரை மண்ணாலைதான் நான் விழுந்தனான், அதாலைதான் அந்த ரெண்டு நிமிசம் போனது எண்டு தெரிஞ்சால் அவ செத்துப்போவா. சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

இரண்டே முக்காலுக்கு மரியகொறற்றி வந்தாள். ரூ காயில் வாங்கின மயில் கழுத்துப் பட்டு. தலையில் பூ. எங்களுக்குக் கிடைத்த இடம் மேலே, கூரைக்குக் கிட்ட. அங்கே இருந்து பார்த்தால் மேடையில் நிற்பவர்கள் விரல் உயரம்தான். அவளுக்கு வலது கண்ணில் படர்ந்த வெள்ளையைப் போன மாதம்தான் ஒப்பரேசன் செய்து எடுத்தது, இடது கண் இன்னும் மங்கல்.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"ஓம்."

"பயந்தவளோ?"

"இல்லை."

"பின்னை ஏன் உங்கடை முகம் இப்படிக் கிடக்கு?"

"படி ஏறி வந்தது."

திரை விலகியது. நான் பாலேயைப் பற்றி எழுத வக்கில்லாதவன். ராசா இல்லை, ராணி இல்லை, கதை என்று ஒன்றும் இல்லை. பதினாறு பெண்கள் சாம்பல் நிற நீளப் பாவாடையோடு அசையாமல் நின்றார்கள். சங்கீதம் தொடங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு காலை வெளியே வைத்தார்கள். அவ்வளவுதான். சனம் மூச்சு விடவில்லை. என் கண் மட்டும் முகங்களைப் பார்க்கவில்லை. தரையில் சிவப்பாக ஏதும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

எல்லாரும் ஓடி மறைந்தார்கள். மேடை வெறுமையானது. ஒருத்தி மட்டும் நடுவில் வந்தாள்.

மரியகொறற்றி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வந்திட்டாள்."

அதே சாம்பல் பாவாடை, அதே கொண்டை, அதே நிறம், அதே உயரம். நான் அவளுடைய கைக்கு மேலே என் மற்றக் கையை வைத்தேன்.

அக்‌ஷரா நன்றாக ஆடினாள். பொய் சொல்லக்கூடாது. என் மகள் விழுந்த இடம் வந்ததும் நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அவள் அதைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மனுசி நெற்றியில் சிலுவை போட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"எங்கடை பிள்ளை பாருங்கோ. ஒரு இடத்திலையாவது சறுக்கினவளோ? மாதா கைவிடேல்லை. நான் சொன்னனான்தானே உங்களுக்கு?"

"ஓம், சொன்னனீ."

மற்றப் பெண்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு வரிசையாகப் பிரிந்து, நடுவில் நிற்பவளைச் சுற்றிக்கொண்டு, மேடையின் விளிம்புக்கு வந்தார்கள். இடது வரிசையில் முதல் ஆள் வெளிச்சத்துக்குள் வந்து நின்று நாடியை நிமிர்த்தினாள். நாடியை அப்படி நிமிர்த்துகிற பிள்ளையைப் பெற்றவளுக்குக் கண்ணாடி தேவையில்லை.

என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"இஞ்சேருங்கோ. இடப்பக்கம் முன்னுக்கு நிக்கிறது ஆர்?"

நான் மேடையைப் பார்த்தேன்.

"நிரஞ்சலா. அது நிரஞ்சலாவெல்லோ?" குரல் மெல்ல வந்தது. முன்னால் இருந்த பிரெஞ்சு மனுசி திரும்பிப் பார்த்தாள். "அப்ப நடுவிலை ஆடுறது ஆர்?"

"பேசாமல் பார், கொறற்றி."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அழேக்கை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "காலமையே இஞ்சை வந்தது நீங்கள்தானே? எனக்குக்கூடச் சொல்லாமல், விசயமாய் எண்டு வந்தது? இந்த ஆட்டம் வேண்டாம் எண்டு எப்பவும் சொன்னதும் நீங்கள்தானே? என்ன செய்தனீங்கள் என்ரை பிள்ளைக்கு?"

மேடையில் என் மகள் வெறும் சப்பாத்தில் நுனிக்காலில் ஏறினாள். ஒரு கணம் ஆடியது கால். பிறகு நின்றது.

"பார், நிக்கிறாள்," என்றேன்.

மரியகொறற்றி பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, நான் மற்றவர்களைப் பார்க்கிற மாதிரி, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.